அரிப்புக் கரை தெரிந்த நேரம்

சிங்கராசா கால் முறிந்து படுத்திருந்த நாட்களில்தான் அந்தப் புத்தகத்தை வாசித்தார்.

வள்ளத்தைக் கரைக்கு ஏற்றும்போது கீழே போட்டிருந்த தடி சறுக்கி இடது காலில் அடித்தது. மன்னார் ஆஸ்பத்திரியில் பிளாஸ்டர் போட்டு, ஆறு கிழமைக்குக் காலை நிலத்தில் ஊன்றக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். அறுபது வயதுக்குள் காய்ச்சலுக்குக்கூட மூன்று நாள் சேர்ந்தாற்போல் படுத்தறியாத மனிதர். ஓலைத்தொடுவாயில் வீட்டின் முன்னறையில் கட்டிலைப் போட்டு, யன்னலைத் திறந்து வைத்தார்கள். அதிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. இரைச்சல் மட்டும் கேட்கும்.

மகள் றஞ்சிதாவுக்கு மன்னார் டவுனில் ஒரு நூலகத்தில் வேலை. தகப்பன் பேப்பரில் மரண அறிவித்தல்களையும் விடாமல் வாசித்துவிட்டு முகட்டைப் பார்த்துக் கிடப்பதைக் கண்டு, கிழமைக்கு இரண்டு புத்தகமாகக் கொண்டுவரத் தொடங்கினாள். மூன்றாம் கிழமை வந்தது அட்டை போய் வேறு மட்டை கட்டிய ஒரு புத்தகம். போலந்து நாட்டில் ஒரு சின்ன ஊரில் பிறந்த யூதப் பெண், ஹிட்லரின் முகாமிலிருந்து உயிரோடு மீண்டவள், கிழவியான பிறகு எழுதியது. யாரோ தமிழில் மொழிபெயர்த்திருந்தார்கள்.

பத்துப் பக்கத்தில் மூடிவிடலாம் என்றுதான் நினைத்தார். பனி, புகையிரதம், வாயில் நிற்காத பெயர்கள். ஆனால் வீட்டை விட்டு வெளியேறச் சொன்ன காலையில், கதவைப் பூட்டிச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று அந்தப் பெண்ணின் தகப்பனும் தாயும் வாதாடுகிற இடம் வந்தது. திரும்பி வரப்போகிறவர்கள் மாதிரி வாதாடினார்கள். சிங்கராசா எழுந்து தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டார். இதை அவர் கண்ணால் கண்டிருக்கிறார். 1990 ஐப்பசியில், ஆயுதம் ஏந்திய இயக்கம் மன்னார்த் தீவில் இருந்த முஸ்லிம் சனத்தை எல்லாம் வெளியேறச் சொன்னபோது, கடற்கரையில் மழைக்குள் நின்ற ஒரு மனிதர் தன் சாவிக்கொத்தை மனைவியிடம் கொடுப்பதும் திரும்ப வாங்குவதுமாக நின்றார்.

அடுத்த பக்கத்தில் வண்டிக்காரன் வந்தான்.

'அவன் பெயர் எனக்குத் தெரியும். குளிர்காலத்தில் எங்கள் வீட்டுக்கு விறகு கொண்டுவருகிறவன். அன்றைக்கு மழை. அம்மாவைக் கைதாங்கலாக வண்டியில் ஏற்றினான். தன் சாக்கை எடுத்துத் தம்பியின் தலையில் போட்டான். புகையிரத நிலையத்தில் எங்களை இறக்கிவிட்டுக் குதிரையைத் திருப்பினான். எங்களை அடித்தவர்களைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. இவனைப் பற்றித்தான் ஐம்பது வருடமாக யோசிக்கிறேன். அவன் நல்லவன். அவன்தான் எங்களைக் கொண்டுபோனான்.'

சிங்கராசா அதை இரண்டாவது தரம் வாசித்தார். மூன்றாவது தரம் வாசிக்கும்போது எழுத்துத் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டபோதும் தெரியவில்லை. அப்போதுதான் தான் அழுவது அவருக்கு விளங்கியது. நெஞ்சு, எஞ்சின் சூடேறி நிற்கப்போகிற நேரத்தில் அடிப்பதுபோல் விட்டு விட்டு அடித்தது. சோறு கொண்டுவந்த மனைவி அன்ரோனெற் பயந்துபோனாள்.

"என்னப்பா, கால் குத்துதா?"

"ஓம்," என்றார் அவர். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

முப்பத்தைந்து வருடமாக ஊருக்கு அவர் சொல்லி வந்த கதை ஒன்று இருந்தது. சனத்தைக் கொண்டுபோய் விடுவதற்கு வள்ளங்கள் போதாமல் இருந்த நேரம், கேட்ட உடனே தன் புது வள்ளத்தை இறக்கிப் பதினெட்டுப் பேரைத் தெற்கே கற்பிட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் சிங்கராசா. அது பொய்யும் இல்லை. அதற்காக ஒருதரம் கோயில் திருவிழாவில் பாதர் பெயர் சொல்லிப் பாராட்டினார்.

சொல்லாத கதையும் ஒன்று இருந்தது. அந்தப் பதினெட்டுப் பேரில் ஏழு மாதக் குழந்தை ஒன்று. தகப்பன் சாஹுல் ஹமீட், கருவாட்டு வியாபாரி. சிங்கராசாவின் தகப்பனிடம் வருடக் கணக்காகக் கருவாடு எடுத்த ஆள், அதிர்ந்து பேசாத மனிதர். தாய் உம்மு குல்சூமுக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். இரண்டு நாள் கடற்கரை மழையில் நின்றதில் குழந்தைக்குக் காய்ச்சல். விடியற்காலையில் வெளிக்கிட்டார்கள். சிங்கராசா மழைக்கு மூடும் தன் படங்கை எடுத்து, வள்ளத்தின் முன்பக்கம் அணியத்தில் இருந்த தாய்க்கும் பிள்ளைக்கும் போர்த்திவிட்டார். காற்று எதிர்க்காற்று. பத்து மணியளவில் குழந்தைக்கு வலிப்பு வந்தது. வழியில் அரிப்பு என்ற ஊரின் கரை தெளிவாகத் தெரிந்தது. பனை மரங்களை எண்ணலாம். வள்ளத்தைக் கரைக்கு ஒதுக்கியிருந்தால் முக்கால் மணித்தியாலத்தில் மருந்துக்குப் போயிருக்கலாம். அவர் ஒதுக்கவில்லை. பின்னேரம் மூன்று மணிக்கு முன் குழந்தையின் சத்தம் நின்றுவிட்டது.

கற்பிட்டியில் அவர்களை இறக்கிவிட்டு வள்ளத்தைத் திருப்பினார். திரும்பிப் பார்க்கவில்லை.

சாஹுல் ஹமீட் புத்தளத்தில் மௌத்தாகி அங்கேயே அடக்கப்பட்டதாகக் கேள்விப்பட்டார். உம்மு குல்சூம் பன்னிரண்டு வருடத்துக்கு முன், அகதி வாழ்க்கையில் பிறந்த மகள் றினோஸாவோடு எருக்கலம்பிட்டிக்குத் திரும்பி வந்திருந்தாள். மன்னார்ச் சந்தையில் முதல்தரம் கண்டபோது சிங்கராசா மீன் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் நடந்தார். அதன்பிறகு எருக்கலம்பிட்டிப் பாதைக்கு அவர் போகவில்லை. யாராவது கேட்டால் வேறு காரணம் சொல்வார்.

புத்தகத்தை மூடிவிடலாம் என்று இரண்டு நாள் அதைக் கட்டிலுக்குக் கீழே வைத்தார். மூடிய புத்தகம் திறந்த புத்தகத்தைவிட மோசமாக இருந்தது. மூன்றாம் நாள் எடுத்துக் கடைசிவரை வாசித்தார். முகாமின் பசி, சகோதரியின் சாவு எல்லாவற்றையும் தாண்டி, அந்தப் பெண் வயதுபோன காலத்தில் தன் ஊருக்குப் போகிறாள். வண்டிக்காரனின் வீட்டைத் தேடிப் பிடிக்கிறாள். அவன் செத்து ஆறு வருடமாகியிருந்தது. மகன் தேநீர் கொடுக்கிறான். 'அப்பா அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை' என்கிறான். அவள் கேட்க வைத்திருந்த கேள்வியைக் கொண்டுபோனபடியே திருப்பிக் கொண்டுவருகிறாள்.

அன்றைக்குப் பின்னேரமே நிப்ராஸின் போன் கோல் வந்தது. நிப்ராஸ் மன்னாரில் ஒரு சகவாழ்வுச் சங்கத்தில் வேலை செய்கிற பொடியன். வெளியேற்றத்தின் நினைவாக வருகிற சனிக்கிழமை டவுனில் கூட்டம் என்று முன்பே சொல்லியிருந்தான்.

"அங்கிள், உங்களைக் கூட்டிப்போக வான் அனுப்புவோம். கால் நீட்டி வசதியா வரலாம். இன்னொரு சந்தோசமான விசயம். உங்கட வள்ளத்துல போன குடும்பம் ஒன்று கிடைச்சிட்டாங்க. எருக்கலம்பிட்டி உம்மு குல்சூம் ராத்தா. அவங்க கையாலதான் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தப்போறம்."

சிங்கராசா போனை மற்றக் காதுக்கு மாற்றினார். "அவ ஓம் எண்டவவா?"

"முதல்ல யோசிச்சாங்க. நேத்து அவங்களே கோல் எடுத்து வாறன் எண்டாங்க."

சனிக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. பிளாஸ்டருக்குள் கால் வேர்த்தது. வெளியே மோட்டார்சைக்கிள் நின்றால் நெஞ்சு திடுக்கிட்டது. ஏன் ஓம் என்றாள்? மறந்துவிட்டாளா? மறக்கிற விசயமா அது? மேடையில் எல்லோருக்கும் முன்னால் அவள் கையில் பொன்னாடையோடு கிட்ட வந்து முகத்தைப் பார்ப்பதை நினைக்கும்போதெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கால் நோகுது, வரமாட்டன் என்று சொல்லலாம். இரண்டு தரம் போனைக் கையில் எடுத்தார். நம்பரை அழுத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை மனைவியையும் மகளையும் கூப்பிட்டு இருத்தி எல்லாவற்றையும் சொன்னார். அன்ரோனெற்றுக்குக் குழந்தை இறந்தது மட்டும் தெரியும். கரை தெரிந்தது தெரியாது.

"இப்ப என்னத்துக்கு இதைக் கிளறுறீங்கள்?" என்றாள் அவள். "அந்த மனுசி பாவம், ஆறி இருக்கிறா. நீங்கள் வேணுமெண்டா கோயிலுக்குப் போய் பாதரிட்டச் சொல்லுங்கோ. பாவசங்கீர்த்தனம் அதுக்குத்தானே இருக்கு."

"பாதருக்கு நான் ஒண்டும் செய்யேல்லயே," என்றார் சிங்கராசா.

றஞ்சிதா அழுதுகொண்டிருந்தாள். "நான் அந்தப் புத்தகத்தைக் கொண்டு வந்திருக்கக் கூடாது."

"நீ கொண்டு வந்ததுதான் சரி. அந்த வண்டிக்காரன் செத்துப்போனான், பிள்ளை. நான் இன்னும் சாகேல்ல. என்னை ஒருக்கா எருக்கலம்பிட்டிக்குக் கூட்டிக்கொண்டு போ."

வியாழக்கிழமை லீவு போட்டு, ஓட்டோ பிடித்துத் தகப்பனைக் கூட்டிப் போனாள் றஞ்சிதா. வழிநெடுகத் திரும்பிவிடுவோமா என்று அவர் இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் அவள் அவருடைய ஊன்றுகோல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

றினோஸா வீட்டு முன்பக்கத்தில் தையல் மெசின் வைத்து உடுப்புத் தைக்கிறவள். யார் என்று சொன்னதும் முகம் மலர்ந்து எழும்பினாள்.

"அங்கிள், உங்களைப் பத்தி நிப்ராஸ் சொன்னாங்க! சனிக்கிழமை காணலாம் எண்டு இருந்தம். கால் இப்பிடி இருக்க ஏன் வந்தீங்க? உம்மா! ஆரு வந்திருக்காங்க பாருங்க!"

உம்மு குல்சூம் உள்ளேயிருந்து வந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசலில் நின்று அவரைப் பார்த்தாள். றினோஸா இருத்திய கதிரையிலிருந்து சிங்கராசா எழும்ப முயன்றார். ஊன்றுகோல் வழுக்கி நிலத்தில் விழுந்தது. அவள் அதை எடுத்துக் கொடுக்கவில்லை. றஞ்சிதாதான் எடுத்தாள்.

"இருங்கோ," என்றாள் உம்மு குல்சூம். மகளிடம், "இந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்த் தேத்தண்ணி போடு," என்றாள். இரண்டு பெண்களும் உள்ளே போகும்வரை நின்றாள். பிறகு எதிர்க் கதிரையில் இருந்தாள்.

"சனிக்கிழமை வரைக்கும் பொறுக்கேலாமப் போச்சோ?"

"மேடையில உங்கட முகத்தைப் பாக்க எனக்கு ஏலாது. அதுதான் வந்தனான்." சிங்கராசா மனப்பாடம் செய்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "அண்டைக்கு அரிப்புக் கரை தெரிஞ்சது. நான் ஒதுக்கியிருக்கலாம். ஒதுக்கேல்ல."

"ஏன்?"

"ஆரும் என்னை வெருட்டேல்ல. வள்ளத்தில துவக்கோட ஒருத்தனும் இருக்கேல்ல. கரைக்கு வந்தா இயக்கமோ ஆமியோ வள்ளத்தைப் பறிச்சுப் போடுவாங்கள் எண்டு பயந்தனான். புது வள்ளம். வாங்கி அஞ்சு மாசம். உயிருக்கு எண்டுகூட நான் பயப்பிடேல்ல. வள்ளத்துக்குத்தான்."

உம்மு குல்சூம் அசையவில்லை. அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தார். சத்தம் போட்டிருந்தால் நல்லது.

"நான் ஏன் கூட்டத்துக்கு ஓம் எண்டனான் தெரியுமா?" என்றாள் அவள் கடைசியில். குரல் மெலிந்திருந்தது. "உங்களிட்ட ஒண்டு கேக்கத்தான். எத்தினை வருசமா மனசில வைச்சிருக்கிறன். சந்தையில உங்களைக் கண்டா நான் ஒதுங்கிப் போறனான். கேட்டா என்ன சொல்லுவீங்களோ எண்டு பயம். எல்லாருக்கும் முன்னால எண்டா எனக்கும் ஓடேலாது, உங்களுக்கும் ஓடேலாது எண்டு நினைச்சன்."

"கேளுங்கோ."

அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், விட்டாள், திரும்பச் சுற்றினாள்.

"நான் அணியத்தில பிள்ளையோட. படங்குக்குள்ள எனக்கு ஒண்டும் தெரியேல்ல, காத்தும் எஞ்சின் சத்தமும்தான். கரைக்கு விடச்சொல்லிக் கேளுங்கோ எண்டு அவரை உங்களிட்ட அனுப்பினனான். போயிட்டு வந்து, ஏலாதாம் எண்டு மட்டும் சொன்னார். பிறகு நான் அவரிட்டக் கேட்டன், நீங்கள் உண்மையா வாய் திறந்து கேட்டனீங்களா எண்டு. கேட்டனான் எண்டார். நான் நம்பேல்ல. வள்ளத்தில கூட வந்தவை வேற ஊர்ச் சனம், கற்பிட்டியில இறங்கிப் பிரிஞ்சு போயிட்டினம், விசாரிக்க ஆளில்ல. அவர் ஆரிட்டயும் ஒண்டும் கேக்கிற மனுசன் இல்ல. கடைக்காரனிட்ட மிச்சக் காசு கேக்கவே கூச்சப்படுறவர். பின்னுக்குப் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நிண்டிட்டு வந்திட்டார் எண்டு நினைச்சன். அவர் மௌத்தாகும்வரை இருவத்திரண்டு வருசம் நினைச்சன். அகதி முகாமில கோவம் வாற நேரமெல்லாம் சொல்லிக் காட்டினன். உங்கட திறக்காத வாயாலதான் பிள்ளை போச்சு எண்டு." அவள் நிமிர்ந்து நேராகப் பார்த்தாள். "அவர் கேட்டவரா?"

முப்பத்தைந்து வருடமாகச் சிங்கராசா தன்னைப் பற்றி மட்டும்தான் பயந்திருக்கிறார். இப்படி ஒரு கேள்வி இங்கே இருக்கும் என்று அவர் ஒருநாளும் நினைக்கவில்லை.

"கேட்டவர்."

"உண்மையைச் சொல்லுங்கோ. எனக்காகச் சொல்ல வேண்டாம்."

"மூண்டு தரம் வந்தவர். முதல் தரம் தம்பி, பிள்ளைக்குச் சரியில்ல, ஒருக்கா ஒதுக்குவமா எண்டு மெதுவாக் கேட்டவர். நான் ஏலாது எண்டன். இரண்டாந் தரம் சத்தமாக் கேட்டவர், நான் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டனான். மூண்டாந் தரம்..." அவர் பிளாஸ்டர் போட்ட காலைப் பார்த்தார். "மூண்டாந் தரம் என்ர காலைப் பிடிச்சவர். வயசில மூத்த மனுசன், முழங்காலில இருந்து பிடிச்சவர். நான் காலை இழுத்தெடுத்தனான்."

உம்மு குல்சூம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சத்தம் வரவில்லை. சிங்கராசா அந்தக் கதிரையில் எழும்பவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் இருந்தார். தேத்தண்ணித் தட்டோடு வந்த றினோஸா வாசலில் நின்றுவிட்டாள். அவள் முழுவதும் கேட்டாளா, கடைசியை மட்டும் கேட்டாளா என்று தெரியவில்லை.

"உம்மா? என்ன நடந்த?"

"உங்கட வாப்பா கேட்டிருக்கார், மகள்," என்றாள் தாய்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிங்கராசாவின் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு நான் பொன்னாடை போர்த்த மாட்டன்."

"வேண்டாம்."

"மன்னிச்சன் எண்டும் சொல்ல மாட்டன். அது எனக்கு இப்ப தெரியாது. ஆனா கூட்டத்துக்கு வாங்கோ. எனக்குச் சொன்னதை அங்க சொல்லுங்கோ. அவர் கேட்டவர் எண்டு சொல்லுங்கோ. அவற்ர சொந்தக்காரர், என்ர தம்பிமார், எல்லாரும் வருவினம். நான் ஏசினது அவையளுக்குத் தெரியும். அவர் கேட்டது அவையளுக்குத் தெரியாது."

தேத்தண்ணியை யாரும் குடிக்கவில்லை.

சனிக்கிழமை மண்டபத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். சிங்கராசாவை முன்வரிசையில் இருத்தி, காலுக்கு இன்னொரு கதிரை போட்டுக் கொடுத்தான் நிப்ராஸ். பேசப் போகுமுன், "தம்பி, அந்தப் பொன்னாடையை உள்ளுக்கு வை," என்றார் சிங்கராசா. நிப்ராஸ் விளங்காமல் சிரித்தான்.

மைக்கைப் பிடித்தபோது கை வேர்த்து வழுக்கியது. எங்கே தொடங்குவது என்று தெரியாமல், குழந்தையில் தொடங்கினார். வள்ளத்தின் வயதைச் சொன்னார். அரிப்புக் கரையில் தெரிந்த பனைகளைச் சொன்னார். சாஹுல் ஹமீட் மூன்று தரம் வந்ததை, ஒவ்வொரு தரமும் என்ன சொன்னார் என்பதை, தான் காலை இழுத்ததைச் சொன்னார். பின்வரிசையில் ஒரு முதியவர் "யா அல்லாஹ்" என்றார். உம்மு குல்சூம் இரண்டாம் வரிசையில் தலை குனியாமல் இருந்தாள். பக்கத்தில் இருந்த அவளுடைய தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

கை தட்டுவதா விடுவதா என்று யாருக்கும் தெரியவில்லை. யாரும் தட்டவில்லை. நிப்ராஸ் அவசர அவசரமாக அடுத்த பேச்சாளரைக் கூப்பிட்டான்.

ஊரில் அது நல்லபடியாகப் போகவில்லை. கரையில் வள்ளம் வைத்திருக்கிற சிலர், எங்கட பேரையும் சேர்த்துக் கெடுத்துப்போட்டான் என்று கதைத்தார்கள். எமில் என்கிற பழைய கூட்டாளி வீட்டுக்கு வருவதை நிறுத்தினான். சாஹுல் ஹமீட்டின் மருமகன் முறையான ஒருவன் போன் எடுத்து வாயில் வந்தபடி ஏசினான். சிங்கராசா அவன் முடிக்கும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். அன்ரோனெற் ஒரு கிழமை அவரோடு சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு காலையில், முகம் கழுவத் தண்ணீர் வைத்துவிட்டு, "அந்தப் பிள்ளைக்கு என்ன பேர்?" என்று கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. அதைக் கேட்கக்கூட அவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

பிளாஸ்டர் வெட்டிய கிழமை றினோஸா கோல் எடுத்தாள். குரலில் முன்பிருந்த கலகலப்பு இல்லை. ஆனால் கோபமும் இல்லை.

"அங்கிள், உம்மா சொல்லச் சொன்னாங்க. நேத்து நாங்க புத்தளம் போனம். வாப்பாவ அடக்கின மையவாடிக்கு. பொம்பிளைங்க உள்ளுக்குப் போறல்ல எண்டு உம்மா வேலிக்கு வெளியதான் நிண்டாங்க. ரெண்டு மணித்தியாலம் நிண்டாங்க, வெயிலுக்குள்ள. நான் வான்ல இருந்து பாத்திட்டிருந்தன். வாப்பா இருக்கிற பக்கம் பாத்துக் கையை ஆட்டி ஆட்டிக் கதைச்சிக்கொண்டே இருந்தாங்க."

"என்ன கதைச்சவ?"

"தெரியா அங்கிள். கிட்டப் போகல்ல." என்றாள் றினோஸா. "வரக்குள்ள வழியில பசிக்குது எண்டு சொல்லி இறங்கி, ரெண்டு பராட்டா சாப்பிட்டாங்க. இவ்வளவு நாளும் உம்மா வாய்விட்டுப் பசிக்குது எண்டு கேட்டுச் சாப்பிட்டு நான் காணல்ல."